குழிக்கு ஐந்தடி தூரத்தில் கை இறுகுகிறது

அன்பின் ஆலோசகர் அவர்களுக்கு,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். வயது 44. தனியார் நிறுவனமொன்றில் கிளை முகாமையாளர். பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டம் ஆடியவன். முழங்கால் பழுதான பிறகு நண்பர் ஒருவர் சீனக்குடா விமானப்படைத் தளத்திலுள்ள கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஆட்டம் பிடித்துவிட்டது.

தனியாகவோ நண்பரோடோ ஆடினால் ஒரு குறையும் இல்லை. என் மேலதிகாரியும் கொழும்பிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்துவிட்டால்தான் பிரச்சினை. நீள அடிகள்கூடப் பரவாயில்லை. கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில், குழிக்கு நாலைந்து அடி தூரத்தில் பந்து நிற்கும்போது கை இறுகிவிடுகிறது. தோளை அசைக்காதே, மணிக்கட்டை மடக்காதே என்று உள்ளுக்குள் ஒரே உத்தரவு. பந்து ஓரத்தால் போய்விடும். அந்த எரிச்சலில் அடுத்த இரண்டு மூன்று குழிகளும் நாசம். வீட்டுக்கு வந்த பிறகும் மனைவியோடு எரிந்து விழுகிறேன். "விளையாடத்தானே போனீங்கள், பிறகென்ன இந்த முகம்?" என்று கேட்கிறா. எல்லோரும் 'ரிலாக்ஸா ஆடு' என்கிறார்கள். அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

'ரிலாக்ஸா ஆடு' என்ற அறிவுரை எனக்கும் பிடிக்காது. பதற்றத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு வேலையைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

உதைபந்தில் பந்து உங்களிடம் வரும், யோசிக்க நேரம் இல்லை, கால் தானாக வேலை செய்யும். கோல்ஃபில் பந்து அசையாமல் காத்திருக்கிறது. 18 குழிகளை ஆடி முடிக்க நாலு மணி நேரம் போகும். அதில் மட்டை வீசும் நேரத்தையெல்லாம் கூட்டினால் சில நிமிடங்கள்தான் தேறும். மிச்சம் முழுவதும் நடப்பதும் யோசிப்பதும். மனம் குழம்ப இதைவிட வசதியான விளையாட்டு வேறு இல்லை.

மணிக்கட்டை மடக்காதே என்று உங்களுக்கு நீங்களே சொல்வதைக் கவனியுங்கள். சிக்கல் அங்கேதான். அமெரிக்க உளவியலாளர் ஸியன் பைலொக்கும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தங்கள் வீச்சையே கவனித்தபடி பந்தை உருட்டச் சொன்னார்கள். வேறொரு சத்தத்தைக் கவனித்தபடி உருட்டியபோது இருந்த துல்லியம்கூட அப்போது இருக்கவில்லை. பழகிய கைக்கு மேற்பார்வை பிடிக்காது. கரையில் நின்று வீச்சுவலை எறிகிறவரிடம், எந்த விரல் முதலில் விடுகிறது என்று பார்த்துக்கொண்டே எறியச் சொல்லுங்கள், வலை விரியாது.

சரி, கையைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது? கனடாவின் ஜோன் விக்கர்ஸ் ஆட்டக்காரர்களின் கண்ணசைவை அளந்து பார்த்தவர். தேர்ந்தவர்களின் பார்வை அடிக்குமுன் இரண்டு மூன்று விநாடி பந்தின் ஒரு புள்ளியிலேயே நிற்கிறது. பந்து உருண்ட பிறகும் சற்று அங்கேயே இருக்கிறது. தடுமாறுகிறவர்களின் கண் குழிக்கும் மட்டைக்கும் ஓடித் திரிகிறது. ஆகவே பந்து உருள வேண்டிய கோட்டைப் பாருங்கள், ஒருமுறை மட்டையை ஆட்டிப் பாருங்கள், பிறகு பந்தின் பின்பக்கப் புள்ளி ஒன்றில் கண்ணை நிறுத்தி, மெதுவாக மூச்சை விட்டு, அடியுங்கள். யார் நின்றாலும் இதே ஒழுங்கு. கச்சான் காற்று வீசும் நாளிலும் அதேதான்.

இப்போது மேலதிகாரிக்கு வருவோம். கடிதத்தில் அவரை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் கண்ணில் நின்றது. நண்பரோடு ஆடும்போது விழும் பந்து அவர் முன்னால் விழவில்லை என்றால், பழுது உங்கள் வீச்சில் இல்லை. அலுவலகத்தில் அவர் உங்களுக்குப் போடும் மதிப்பெண்ணை கிரீனுக்கும் கொண்டுபோகிறீர்கள். உண்மையில் அந்த நேரத்தில் அவர் தன்னுடைய அடுத்த அடியைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். கோல்ஃப் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான், கொஞ்சம் சுயநலக்காரர்கள். "சேர், குறுந்தூர அடிக்கு எனக்குக் கை நடுங்குது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டியது இல்லாமல் போனால் பாதிச் சுமை இறங்கும். பயிற்சியையும் தனியாகச் செய்யாதீர்கள். யாரையாவது நிற்கவைத்து, தவறினால் தேத்தண்ணி வாங்கித் தருவதாகப் பந்தயம் கட்டி உருட்டுங்கள். பார்க்கப்படுவதற்கும் பழக்கம் வேண்டும்.

எதிர்பார்ப்பையும் சற்று இறக்கலாம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். ஐந்தடியில் நாலுக்கு ஒன்று அளவில் தவறுகிறது. கோல்ஃபில் குறைந்த தடவை அடிப்பவர்தான் வெல்வார். வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய் 2011 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் நாலு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி, அன்று 80 தடவை அடித்துக் கோட்டைவிட்டார். இரண்டு மாதத்தில் யூ.எஸ். ஓபனை எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 2025இல் அதே மாஸ்டர்ஸில், 18ஆவது குழியில் போட்டால் வெற்றி என்ற குறுந்தூர அடியை உலகமே பார்க்கத் தவறவிட்டார். ஆனால் சமநிலையை முறிக்க ஆடிய அடுத்த குழியில் ஜஸ்டின் ரோஸை வென்றார். தவறிய அடி அடுத்த குழிக்குக் கூட வரவில்லை.

உங்களுக்கு அது கூட வருகிறது, வீடு வரைக்கும். கோபப்படாதே என்று சொல்லமாட்டேன். பட்டரை, அதாவது பந்தை உருட்டும் மட்டையை, பையில் வைக்கும் வரை வேண்டுமானால் மனதுக்குள் திட்டித் தீருங்கள். வைத்த பிறகு கடலைப் பாருங்கள், கூட வருகிறவரிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த பந்தை நெருங்கும்போது ஆட்டத்துக்குத் திரும்பினால் போதும். வீட்டு வாசலில், அன்று நன்றாகப் போன ஒரு அடியை மனைவியிடம் முதலில் சொல்லுங்கள். அவ கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள். தனியாக இருக்கும்போதும் மணிக்கட்டு வெட்டி இழுக்கிறதா? எழுதும்போது, கோப்பை பிடிக்கும்போது? அப்படியென்றால் அது பதற்றம் மட்டுமாக இல்லாமல் நரம்போடு சேர்ந்ததாகவும் இருக்கலாம். கோல்ஃபர்கள் 'யிப்ஸ்' என்று பயப்படுவது அதைத்தான். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் அதனால் நெடுங்காலம் அவதிப்பட்டு, மட்டையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றி மாற்றிப் பார்த்தவர். 1985இலும் 1993இலும் மாஸ்டர்ஸ் வென்றவரும் அவர்தான். அப்படி இழுப்பு இருந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.