பிசுபிசுக்கிற பாவைப்பிள்ளையும் சிவப்புச் சட்டையும்

அக்கா, அம்மா வாங்கித் தந்த வைனில் எண்ட பிளாஸ்டிக்கில செய்த பாவைப்பிள்ளையைப் பெட்டிக்குள்ளால எடுக்கேக்க பிசுபிசுக்குது, கன்னத்தில பேனைக்கீறல், புதுச் சிவப்புச் சட்டையும் தைக்க வேணும் எண்டு எழுதியிருந்தீங்கள். எறிஞ்சு போடாதேங்கோ, காப்பாத்தலாம்.

அந்தப் பிசுபிசுப்பு ஊத்தையில்லை. வைனிலை மெதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய்ப்பதமான பொருள் வயசு போகப்போக வெளியில கசியுது. எங்கட யாழ்ப்பாண வெக்கையில இன்னும் கெதியா. இளஞ்சூட்டுத் தண்ணியில கோப்பை கழுவுற திரவம் இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய துணியால துடையுங்கோ. கண்ணுக்குள்ளயும் கழுத்துப் பொருத்துக்குள்ளயும் தண்ணி போகவிடாதேங்கோ. நிழலில காயவிடுங்கோ. பிறகும் கசியும், திரும்பத் துடைக்க வேண்டியதுதான். நகப்பூச்சு அழிக்கிற அசிற்றோன் மட்டும் வேண்டவே வேண்டாம், முகத்தின்ர பெயின்ரையும் கொண்டுபோய் வைனிலையும் பழுதாக்கிப்போடும்.

பேனைக்கீறலுக்குப் பாமசியில பென்சோயில் பெரொக்சைட் பருக்களிம்பு வாங்குங்கோ. ஈர்க்குநுனியால கோட்டில மட்டும் பூசி வெயிலில வையுங்கோ, நாள்கணக்கா எடுக்கும். சொண்டுச் சாயத்தில பட்டால் அதுவும் வெளிறிப்போகும், கவனம். முதல் பாவைப்பிள்ளையின்ர உள்ளங்காலில பூசிப் பாருங்கோ.

சிவப்புத் துணியெண்டால் எனக்குப் பயம். சாயம் வைனிலுக்குள்ள இறங்கினால் கழுவிப் போகாது. என்ர பாவைப்பிள்ளையின்ர கமக்கட்டில நீலத் திட்டொண்டு இப்பவும் கிடக்கு. உள்ளுக்கு வெள்ளைப் பருத்தி வைச்சுத் தையுங்கோ. அப்பாவின்ர பழைய வேட்டித்துண்டு திறம். கை மடங்காததெண்டால் முதுகை மேலயிருந்து கீழ்வரை திறந்து விட்டுப் பிறஸ் பட்டன் வையுங்கோ. திரும்பப் பொலித்தீனில சுத்தி வைக்காதேங்கோ.