ரெஸ்லிங் பொய்யா சார்?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. ரெஸ்லிங் என்றால் உயிர். போன வாரம் வகுப்பில் ஒரு பையன், "எல்லாம் செட்டப்டா, யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே பேசி வச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து டிவி பக்கமே போகாமல் முகம் வாடிக் கிடக்கிறான். அவனிடம் என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அந்தப் பையன் சொன்னது உண்மைதான் அம்மா, மறைக்காதீர்கள். 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில், இது பொழுதுபோக்கு, போட்டி அல்ல என்று ரெஸ்லிங் நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனமே சொல்லிவிட்டது. ஆனால் பேசி வைப்பது முடிவைத்தான். விழுகிற உடம்புக்கு அது தெரியாது.

நான் ஜூடோ சொல்லிக்கொடுப்பவன். புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தருவது விழுவதைத்தான். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் இரண்டு கைகளும் விரிப்பைப் பட்டென்று அறைய வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது. ரெஸ்லிங்காரர்களும் இதைத்தான் முதலில் படிக்கிறார்கள். அவர்கள் பாஷையில் இது 'பம்ப்'. ரிங்கில் கேன்வாஸுக்கு அடியில் இருப்பது கொஞ்சம் ஃபோம், அப்புறம் மரப்பலகை, இரும்புச் சட்டம். மெத்தை இல்லை.

அதே நியூ ஜெர்சியில் 1997 ஆகஸ்டில் நடந்த ஒரு மேட்சை அவனுக்குச் சொல்லுங்கள். ஸ்டீவ் ஆஸ்டினும் ஓவன் ஹார்ட்டும் மோதினார்கள். ஆஸ்டின் ஜெயிப்பதாக ஏற்பாடு. ஓவன் அவரைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்டினின் தலை, தூக்கியவரின் தொடைகளுக்குள் மேலேயே இருந்திருக்க வேண்டும், கீழே இறங்கியிருந்தது. உச்சந்தலை நேராகத் தரையில் மோதியது. ஆஸ்டினுக்குக் கை கால் அசையவில்லை.

அடுத்து ஓவன் செய்ததைத்தான் நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். மேலே பாயாமல், கூட்டத்தைப் பார்த்துச் சீண்டிக்கொண்டே நேரம் கடத்தினார். கீழே கிடந்தவருக்கு உணர்வு திரும்ப வேண்டுமே! ஆஸ்டின் தவழ்ந்து வந்து, தெம்பே இல்லாத கையால் ஓவனைச் சுருட்டிப் பிடித்தார். ஓவன் தோளைத் தரையில் வைத்து, நடுவர் மூன்று எண்ணும்வரை அப்படியே கிடந்து தோற்றார். பேசி வைத்த முடிவுதான். அதற்கு ஆஸ்டின் கொடுத்த விலையை யாரும் பேசி வைக்கவில்லை. 2003-இல் அவர் ஓய்வு பெற்றதற்கு அன்று பட்ட கழுத்துக் காயம் பெரிய காரணம்.

எனக்கு ரெஸ்லிங் பிடிப்பதே இதனால்தான். எதிரியாக நடிப்பவன் கையில் தன் கழுத்தை நம்பி ஒப்படைப்பது சாதாரண விஷயமா?

சரி, இனி அவன் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். அடிப்பவனின் முகத்தை விட்டுவிட்டு, தூக்குகிறவனின் கை எங்கே தாங்குகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். பையன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கட்டிலில் தம்பியையோ தங்கையையோ தூக்கிப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆசை இருந்தால் பக்கத்தில் ஜூடோ வகுப்பில் சேர்த்துவிடுங்கள். முதல் மாதம் விழ மட்டும் கற்றுக்கொள்ளட்டும்.