பச்சக் குட்டிக்கு தெள்ளு புடிச்சிருக்கா? கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி பக்கம், டாக்டர் கெடையாது, தாய் விட்டுட்டுப் போன பூனக்குட்டிங்கள பதினோரு வருஷமா எடுத்து வளத்து வீடு பாத்து குடுத்துகினு இருக்கேன். வெயில் ஆரம்பிச்சதிலருந்து எல்லாரும் தெள்ளுப்பூச்சி பத்தியே கேக்கறதால ஒன்னா பதில் சொல்லிடறேன். இங்க சொல்றது எட்டு வாரத்துக்கு உள்ள இருக்கிற குட்டிக்கு மட்டும், பெரிய பூனைக்கு வேற கணக்கு.

சத்துவாச்சாரிலருந்து ஒரு காலேஜ் பொண்ணு: அக்கா, காம்பவுண்டு ஓரமா 3 குட்டி கெடச்சுது, இப்பதான் கண்ணு தொறந்திருக்கு. முடிக்குள்ள கருப்பா பொடிப்பொடியா இருக்கு. தெள்ளா, உண்ணியா, வெறும் அழுக்கா?

ஒரு வெள்ள டிஷ்யூவ நனைச்சு அதுமேல அந்த பொடிய உதிர்த்துட்டு ஒரு நிமிஷம் பாரும்மா. மண்ணுன்னா மண்ணாவே கெடக்கும். சுத்தி துரு கலர்ல செவப்பா ஊறி பரவுச்சுன்னா அது தெள்ளோட எச்சம், அதாவது உன் குட்டியோட ரத்தம்தான். உண்ணி ஒரே எடத்துல கடிச்சு புடிச்சுகினு பருப்பு மாதிரி ஊதி நிக்கும். தெள்ளு பக்கவாட்டுல தட்டையா, பழுப்பா, முடிக்குள்ள சரசரன்னு ஓடும், விரல் வெச்சா தாவிடும்.

கண்ணு இப்பதான் தொறந்திருக்குன்னா பத்து நாள் முன்னபின்ன இருக்கும், எடை 200 கிராம் கிட்ட. பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு சுமாரா 60 மில்லி ரத்தம், அப்போ உன் குட்டிக்கு மொத்தமே 12 மில்லி, ரெண்டு டீஸ்பூன் சொச்சம்தான். அத அம்பது தெள்ளு ராத்திரி பகலா குடிச்சுகினு இருந்தா என்ன ஆவும்னு நெனச்சுப் பாரு. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு தள்ளாத, இன்னிக்கே ஆரம்பி.

அதே பொண்ணு: எப்படி எடுக்கறதுக்கா? குளிப்பாட்டலாமா?

முங்க வெச்சு குளிப்பாட்டாத. நாலு வாரம் வரைக்கும் குட்டிக்கு தன் உடம்பு சூட்ட தானா காப்பாத்திக்க சரியா வராது. வேலூர்ல வெளிய 41 டிகிரி அடிச்சாலும் ஈரமான குட்டி ஃபேன் காத்துல வெறச்சுப் போயிடும், தெள்ளால சாவறதவிட சீக்கிரமா குளிர்லயே போயிடும்.

பேன் சீப்பு வாங்கிக்கோ, பல்லு நெருக்கமா இருக்கிற எவர்சில்வர் சீப்பு. ஒரு கிண்ணத்துல வெதுவெதுப்பான தண்ணி, அதுல பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு. மொதல்ல ஃபேன ஆஃப் பண்ணு. ஒவ்வொரு குட்டியா மடியில துண்டு மேல வெச்சு, சோப்பு போடாத வேற வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு நல்லா பிழிஞ்ச துணியால மொதல்ல கழுத்த சுத்தி தொடச்சு விடு, ஏன்னா உடம்பு ஈரமானா தெள்ளெல்லாம் மூஞ்சிக்கும் காதுக்கும் ஓடும், கழுத்துலயே மடக்கிடணும். அப்புறம் தாடை, காது பின்னாடி, அக்குள், வயிறு, வாலடி எல்லாம் மெதுவா சீவு. ஒவ்வொரு தடவையும் சீப்ப சோப்புத் தண்ணில முக்கு. சோப்பு போட்ட தண்ணில தெள்ளு மெதக்காது, அடிக்குப் போயிடும். வெறும் தண்ணின்னா மெதந்து திரும்ப தாவிடும். நகத்தால நசுக்கறேன்னு ஒக்காராத, அது தப்பிக்கும், குட்டிய தான் புடிச்சு நசுக்குவ.

பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு குட்டிய வெச்சுக்காத. தொடச்சு, காய்ஞ்ச துணில சுருட்டி, வெந்நீர் பாட்டில பழைய லுங்கில சுத்தி பக்கத்துல வெய்யி. பாட்டில் பெட்டியோட ஒரு பாதில மட்டும் இருக்கணும், சூடு ஜாஸ்தியானா நகந்து போவ எடம் வேணும் இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப சீவு. மொத நாள் மூணு நாலு தடவ, அப்புறம் காலைல சாயங்காலம்னு ஒரு வாரத்துக்கு விடாம பண்ணு.

ராணிப்பேட்டைலருந்து ஒரு அண்ணன்: வீட்ல நாய்க்கு போடற உண்ணிப் பவுடர் இருக்குதும்மா. கொஞ்சமா, ஒரு சிட்டிகை தூவினா போதுமில்ல?

வேணாம்ணா. ஒரு சிட்டிகை கூட வேணாம். நாய்க்கு விக்கிற பவுடர், கழுத்துல விடற சொட்டு மருந்து பலதுல பெர்மெத்ரின்னு ஒரு பூச்சிக்கொல்லி இருக்கும். அத ஒடச்சு வெளியேத்தற சக்தி பூனையோட ஈரலுக்கு கெடையாது, நாய்க்கு ஒன்னும் பண்ணாத மருந்து பூனைக்கு நரம்ப தாக்கி வலிப்பு வரவெக்கும். எங்கிட்ட வந்த மொத குட்டிக்கு ஒரு கடைல ரெண்டுக்கும் ஒன்னுதான்னு சொல்லி குடுத்தாங்க, நானும் நம்பி போட்டேன். ராத்திரி ஒம்பது மணிக்கு காது நுனி துடிக்க ஆரம்பிச்சுது, அப்புறம் கால், விடியறதுக்குள்ள போயிடுச்சு. அந்த காது துடிச்சது இன்னும் கண்ணுலயே நிக்குது. தெரியாம ஏற்கனவே போட்டுட்டவங்க யாராச்சும் இருந்தா உடனே வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு போட்டு கழுவி, தொடச்சு சூடா சுத்தி, மருந்து டப்பாவோட டாக்டர்கிட்ட ஓடுங்க.

குடியாத்தம்: பாட்டி வேப்பெண்ண தடவ சொல்றாங்க, பக்கத்து வீட்டுல கற்பூரம், மண்ணெண்ண, டெட்டால்னு ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. எது நல்லதுக்கா?

எதுவுமே இல்லம்மா. பாட்டி அன்பாதான் சொல்றாங்க, ஆனா பூனை உடம்பு பூரா நாக்கால நக்கற ஜீவன், மேல தடவறது எல்லாம் வயித்துக்குள்ள போவும். கற்பூரம், மண்ணெண்ண, டெட்டால், பினாயில், டீ ட்ரீ ஆயில் எல்லாமே வெஷம். வேப்பெண்ணயும் குட்டிக்கு ஆவாது. பூண்டு அரச்சு குடுக்கறதும் வேணாம், அது ரத்தத்தையே அழிக்கும்.

ஆரணிலருந்து ஒரு நெசவாளர்: எங்க தறிக்குழில பூனை குட்டி போட்டுச்சு. குட்டிய சீவி சுத்தம் பண்ணி மறுபடி அங்கயே வெச்சேன், மூணே நாள்ல பழையபடி ஆயிடுச்சு. குழில கால வெச்சா எங்களையும் கடிக்குது.

அண்ணா, நீங்க சரியாதான் பண்ணீங்க, எடம்தான் தப்பு. குட்டி மேல தெரியறது கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் அந்த மண்ணுல இருக்கு. ஒரு பொட்டத் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்ட போடும். முட்ட ஒட்டாது, உருண்டு கீழ விழும். அதுலருந்து வர்ற புழு வெளிச்சத்துக்கு பயந்து இருட்டா ஈரமா இருக்கிற எடத்துக்கு போவும், மேலருந்து உதிர்ற அந்த கருப்புப் பொடியதான் தின்னும். அப்பால கூடு கட்டிகினு உள்ள ஒக்காந்துக்கும். அந்த கூட்டுக்குள்ள மருந்து எறங்காது, மாசக்கணக்கா காத்துகினு இருக்கும். கால் வெக்கற அதிர்வும் உடம்பு சூடும் பட்டா ஒடச்சுகினு தாவும். தறிக்குழி அதுக்குன்னே வெட்டி வெச்ச மாதிரி நெழலு, ஈரம், பஞ்சுத்தூசி.

குட்டிங்கள தாயோட சேத்து ஒரு அட்டப் பெட்டிக்கு மாத்துங்க, பழைய பெட்ஷீட் போட்டு. தெனம் அந்த துணிய கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து மொட்ட மாடி வெயில்ல காயப் போடுங்க. நம்ம ஊரு வெயில் இதுக்கு பெரிய வரம், 35 டிகிரிக்கு மேல காய்ஞ்ச சூட்டுல அந்த புழு தாங்காது. குழிய பெருக்கி மேல் மண்ண வாரி வெளிய வெயில்ல கொட்டுங்க, தூசிய ஓரத்துல விடாதீங்க. குட்டி இருக்கிற வரைக்கும் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்க. மூணு நாலு வாரம் விடாம பண்ணணும், ஏன்னா கூட்டுக்குள்ள இருக்கிறது ஒன்னொன்னா வந்துகினே இருக்கும்.

மேல்விஷாரம்: தாய் பூனைக்கு மருந்து போடலாமா ஆபா? பால் குடிச்சுகினு இருக்குதுங்க.

போடணும் தங்கச்சி, அது மேல இருக்கிறதுதான் குட்டிக்கு எறங்குது. செலாமெக்டின்னு ஒரு மருந்து பால் குடுக்கற தாய்க்கும் ஆவும், ஆனா எடை பாத்து டாக்டர் குடுக்கணும், நீயா கடைல கேட்டு வாங்காத.

பேரணாம்பட்டு: குழந்தைங்களுக்கு ஒட்டுமா?

கடிக்கும், நம்ம மேல குடியிருக்காது. ஆனா குட்டியோட பின்னாடி அரிசி மாதிரி ஒட்டி நெளிஞ்சா அது நாடாப்புழு, தெள்ள முழுங்கறதால வருது. டாக்டர்கிட்ட பூச்சி மருந்து கேளுங்க. புள்ளைங்கள கை கழுவ சொல்லுங்க.

வாலாஜா: ஒரு குட்டி மட்டும் தூங்கிகினே இருக்கு, பால் குடிக்கல, வாய தொறந்து பாத்தா ஈறு வெள்ளயா இருக்கு.

இதுக்கு மேல எதையும் படிக்காதீங்க. நல்லா இருக்கிற குட்டிக்கு ஈறு ரோஜா கலர்ல இருக்கும், வெள்ளன்னா ரத்தம் வத்திடுச்சுன்னு அர்த்தம். குளிப்பாட்ட வேணாம், பால் ஊத்த வேணாம், சில்லுனு இருக்கிற குட்டிக்கு பால் செரிக்காது. நெஞ்சோட ஒட்டி துணில சுத்திகினு இப்பவே கால்நடை ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க.

சத்துவாச்சாரி பொண்ணு மறுபடி: அக்கா, நேத்து மூணையும் சீவினேன், கிண்ணத்துல 60க்கு மேல இருந்துச்சு. இன்னிக்கு ஏழுதான். ஆனா சின்னது மட்டும் எடை ஏறல.

அறுபதா! நல்லா பண்ணிருக்க கண்ணு. ஒரு நாளைக்கு 10 கிராமாச்சும் ஏறணும். பசும்பால் குடுத்துகினு இருந்தா நிறுத்திடு, வயிறு போவும், குட்டிக்குன்னே பால் பவுடர் விக்குது, அத கரைச்சு ரெண்டு மூணு மணிக்கு ஒருதடவ, குப்புற வெச்சு குடு, மல்லாக்க போட்டு குடுக்காத. ஈற தெனம் பாரு. நாளைக்கு காலைல பால் குடுக்கறதுக்கு முன்னாடி எடை போட்டு எனக்கு எழுது, அப்பவும் ஏறலன்னா டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்.