ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் உடம்பு இளைக்குமா?

பிரசவ வலி வரப் போடும் ஊசி எடையையும் குறைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பனில் என் மதினியும் இதையேதான் கேட்டார், இரண்டாவது தடவை நண்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே.

ஆக்ஸிடோசின் மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகும் ஹார்மோன். கர்ப்பப்பையைச் சுருக்கும், தாய்ப்பாலை இறங்க வைக்கும், அதோடு 'வயிறு நிறைஞ்சிருச்சு' என்ற உணர்வையும் தூண்டும். 2015-ல் வெளியான ஆய்வில் ஆண்களுக்கு மூக்கில் ஸ்பிரே அடித்துப் பார்த்தபோது, காலைச் சாப்பாட்டில் சுமார் 120 கலோரி, கிட்டத்தட்ட இரண்டு இட்லி, குறைத்துச் சாப்பிட்டார்கள். சரி, அப்புறம் பருமனானவர்களுக்கு 8 வாரம், தினம் 4 வேளை கொடுத்தார்கள். எடை குறையவில்லை! மாட்டுக்குப் பால் இறங்கக் கள்ளத்தனமாகப் போடும் குப்பி கிடைக்கிறதே என்று மட்டும் கை வைக்காதீர்கள், அளவு மீறினால் உடம்பில் தண்ணீர் தேங்கி சோடியம் இறங்கிவிடும்.