வாசகர் கேள்வி – பதில்: சிறு விமானத்துக்கு ஏடிஎஸ்-பி

கேள்வி: அமெரிக்காவில் பழைய செஸ்னா 150 ஓட்டுகிறேன். ஏடிஎஸ்-பி பொருத்தியே ஆக வேண்டுமா? எவ்வளவு ஆகும்?

பதில்: எங்கே பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2020 ஜனவரி 1 முதல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஏ, பி, சி வகை வான்வெளியிலும், பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள்ளும், பெரும்பாலும் 10,000 அடிக்கு மேலும் ஏடிஎஸ்-பி 'அவுட்' கட்டாயம். விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் நொடிக்கு ஒருமுறை தானே ஒலிபரப்பும் கருவி அது.

செலவு குறைந்தது இறக்கை நுனி விளக்கைக் கழற்றிவிட்டு அதே கம்பிகளில் மாட்டும் 978 மெகாஹெர்ட்ஸ் வகை. சுமார் 2,000 டாலர். ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. பழைய டிரான்ஸ்பாண்டரை (ரேடாரின் கேள்விக்குப் பதில் சிக்னல் அனுப்பும் கருவி) கழற்றிவிடாதீர்கள், அதுவும் வேண்டும். டிரான்ஸ்பாண்டரையே மாற்றும் 1090 மெகாஹெர்ட்ஸ் வகைக்குக் கருவி மட்டும் 3,000 டாலரைத் தாண்டும். ஆன்டெனாவும் கூலியும் தனி. கனடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் 978 வாங்காதீர்கள். அங்கே சிக்னலைக் கேட்பது செயற்கைக்கோள்; 1090 வகையும் விமானத்தின் முதுகில் ஓர் ஆன்டெனாவும் தேவை.

கேள்வி: மற்ற விமானங்களைத் திரையில் பார்க்க, 'அவுட்' இல்லாமல், சில நூறு டாலர் ரிசீவரும் டேப்லெட்டும் போதாதா?

பதில்: போதாது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ரேடாரில் தெரியும் விமானங்களைத் தரை நிலையம் எல்லாருக்கும் அனுப்புவதில்லை. 'அவுட்' உள்ள விமானத்தைச் சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடி, அவ்வளவுக்குள் இருப்பவற்றை மட்டுமே அந்த விமானத்துக்காக அனுப்பும். உங்களிடம் 'அவுட்' இல்லையென்றால் பக்கத்து விமானத்துக்குப் போகும் படத்தின் ஓரத்தைத்தான் பார்க்கிறீர்கள். டிரான்ஸ்பாண்டரே இல்லாத கிளைடரும் பழைய விமானமும் எந்தத் திரையிலும் வராது. திரை காலியாக இருந்தாலும் கண் வெளியேதான் இருக்க வேண்டும்.

திரையில் வரும் மழைப்படமும் அப்படியே. '2 நிமிடம் முன்பு' என்று காட்டுவது படம் தயாரான நேரத்தை. அதற்குள் இருக்கும் ரேடார் தகவல் அதைவிட 15, 20 நிமிடம்கூடப் பழையதாக இருக்கலாம். புயலைச் சுற்றிப் போக உதவும். இரண்டு புயலுக்கு நடுவே நுழைய உதவாது.

கேள்வி: பொருத்தியாயிற்று. சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: 'அவுட்' கட்டாயமான வான்வெளியில் அரை மணி நேரமாவது பறந்துவிட்டு, எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) இணையதளத்தில் பதிவு எண்ணும் தேதியும் கொடுத்து அறிக்கை கேளுங்கள், இலவசம். சிவப்பில் வரும் கட்டங்கள்தான் பிழை. முதலில் பார்க்க வேண்டியது 24 பிட் ஐகாவோ குறியீடு, அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள தனி அடையாளம்: அமைக்கும்போது ஓர் எழுத்து தவறினாலும் வேறொருவரின் விமானமாகப் பறப்பீர்கள். அடுத்து பதிவு எண், பிறகு டிரான்ஸ்பாண்டரும் 'அவுட்'டும் சொல்லும் உயரம் ஒன்றா என்பது.

பறக்கும்போது உங்கள் உயரத்திலேயே ஒரு விமானம் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதாகத் திரை காட்டினால், முதலில் வெளியே பாருங்கள். யாரும் இல்லையென்றால் அது உங்கள் விமானத்தின் ரேடார் நிழலாக இருக்கலாம்: ரேடாரில் தெரியும் உங்களையே வேறு விமானம் என்று தரை நிலையம் அனுப்புகிறது. 'அவுட்' விட்டு விட்டு ஒலிபரப்புகிறது என்று பொருள். தரைக்கு வந்ததும் அடிவயிற்று ஆன்டெனாவில் எஞ்சின் எண்ணெய் படிந்திருக்கிறதா பாருங்கள். துடைத்துவிட்டு மறுபடி அறிக்கை கேளுங்கள்.