பழஞ்சேலையில் குயில்ட் தைக்கப் பெண்களைக் கூட்டினால் குழு நிலைக்குமா?

தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில், பழைய சேலைகளையும் டெய்லர் கடை வெட்டுத் துணிகளையும் சேர்த்து, குயில்ட் என்னும் அடுக்குத் துணிப் போர்வை தைக்கும் பெண்கள் குழுவைத் தொடங்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்படித் தொடங்கிய குழுக்கள் மனத்தாங்கலில் கலைந்துபோவதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அப்படி ஆகாமல் இருக்க முதலில் என்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். தங்கச்சிமடத்தில் அத்தகைய குழு ஒன்றில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் போட்ட தையலை இன்னொருவர் பிரிக்கக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.

நீங்கள் அநேகமாக வெளியூரில் படித்துவிட்டு ஊர் திரும்பியவராக இருப்பீர்கள். காணொளிகளில் பார்த்த, அளவெடுத்து வெட்டிய சதுரங்களும் இம்மி பிசகாத தையல் வரிசைகளும் உங்கள் மனத்தில் இருக்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களோடு வந்து உட்காரப் போகிறவர்களில் பாதிப் பேர், உங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே பேரப்பிள்ளைகளுக்குப் பழஞ்சேலை விரிப்புத் தைத்தவர்கள். அவர்கள் கை ஏற்கெனவே ஒரு பழக்கத்தில் ஊறியது.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். நகரத்துக் கடை ஒன்று பெரிய கட்டில் விரிப்புக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. எங்கள் விரிப்பில் அடியில் ஒரு முழுச் சேலை இருக்கும். நடுவில் நைந்த வேட்டியும் பருத்திச் சேலையும் இரண்டு மடிப்பாக வரும். அதற்கு மேல்தான் ஒட்டுத் துணி. நாங்கள் பஞ்சு வைப்பதில்லை. இந்தக் கடற்காற்றில் பஞ்சு வைத்த விரிப்பை ஐப்பசி, கார்த்திகையில் துவைத்தால் லேசில் காயாது, பூஞ்சை வாடையும் போகாது. ஓலைப்பாயில் துணியை விரித்து, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வந்தோம்.

எங்களில் ஒருவர் கீழக்கரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த பெரியவர். ஊரில் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் லாத்தாதான், அதாவது அக்கா. ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, துணியை மடித்து மடித்து அதன் மேல் ஏற்றுவார். நாலைந்து மடிப்பு சேர்ந்த பிறகு நூலை ஒரே இழுப்பாக இழுப்பார். அதனால் அவருடைய வரிசையில் மூன்று நான்கு பொடித் தையலுக்குப் பின் ஒன்று நீளமாக விழும். கோடு போட்டுக்கொள்ள மாட்டார். சேலையின் கரை வருமிடத்தில் அவர் வரிசை மெல்ல வளைந்து, கரையை ஒட்டியே போகும். வெளிச்சம் சாய்ந்து விழும்போது அந்தப் பகுதி மட்டும் அலை அலையாக மேடு தட்டித் தெரியும்.

தையல் வகுப்பு முடித்த ஒரு தங்கச்சியும் குழுவில் இருந்தாள். தையல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியனுப்பியிருந்ததால், விரிப்பு திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. ஒரு மாலை, எல்லாரும் போன பிறகு, லாத்தா போட்டிருந்த வரிசைகளைப் பிரித்துவிட்டு, அளவுகோல் வைத்துச் சாக்பீஸால் கோடிழுத்து, தானே புதிதாகத் தைத்து வைத்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் அவள் அதைச் செய்யவில்லை. குழுவின் நன்மைக்கு என்றுதான் செய்தாள். மறுநாள் லாத்தா வந்து உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடி உள்ளங்கையால் துணியைத் தடவினார். கண் ஆபரேஷன் செய்தவர் என்பதால் அவருக்குக் கைதான் முந்தும். “இது ஏந் தையல் இல்லையே புள்ள” என்று மட்டும் சொன்னார். ஊசிப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் போனதும் மற்றப் பெரியவர்களும் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். யாரும் சண்டை போடவில்லை, ஒரு சொல் தடிக்கவில்லை. நீங்கள் கேள்விப்பட்ட குழுக்களும் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் கலைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

விரிப்பைத் தூக்கிக்கொண்டு அந்தத் தங்கச்சியும் நானும் லாத்தாவின் மகள் வீட்டுக்குப் போனோம். தேநீர் கொடுத்தார்கள், பேச்சு மட்டும் வேறெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள், தான் போட்ட தையலைத் தானே அவர் முன்னால் பிரித்துவிட்டு, “லாத்தா, நீங்களே போட்டுக் கொடுங்க” என்று கேட்டாள். அவரும் போட்டுக் கொடுத்தார். துணிகளை இணைத்த மூட்டு எங்காவது தளர்ந்திருந்தால் தைத்தவரிடமே காட்ட வேண்டும், பிரிப்பதும் திரும்பப் போடுவதும் அவர் கையாலேயே நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அன்றிலிருந்துதான் எங்களிடம் இருக்கிறது.

தொழில் என்று வந்துவிட்டால் தரம் வேண்டாமா, உறவு பார்த்தால் வியாபாரம் நடக்குமா என்று இதைப் படிக்கும் சிலர் கேட்கக்கூடும். தரத்தை நானும் விட்டுக்கொடுப்பவள் இல்லை. ஒட்டுத் துணிகளை மூட்டும்போது ஓரத்தில் கால் அங்குலம் விடாவிட்டால் சில சலவையிலேயே பிரிந்து வந்துவிடும் என்பதால், அதை அளந்து பார்த்துத்தான் வாங்குகிறேன். சிவப்பு, மெரூன், கருநீலம் எதுவானாலும் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது என்பதால் இரண்டையும் ஒரே விரிப்பில் கலப்பதில்லை. தையல் வரிசைகளுக்கு நடுவே நான்கு விரலுக்கு மேல் இடைவெளி விட்டால் உள்மடிப்பு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும் என்பதால், அதையும் விடாமல் பார்க்கிறோம். துணி உழைப்பதற்கு இவை வேண்டும். பொடித் தையலுக்குப் பக்கத்தில் ஒரு நீளத் தையல் விழுவதால் போர்வை கிழிந்துவிடாது.

ஒரே சரியான முறை என்று இந்த வேலையில் எதுவும் இல்லை. சுருக்கத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகலாம் என்பதற்காக நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைக்கச் சொல்லி மேல்நாட்டுக் குயில்ட்காரர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற தங்கள் ஒட்டுப் போர்வையைத் தைக்கும்போது, மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிக்கிறார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைக்காவிட்டால் அவர்களுக்கு அது முழுமையாகாது. அந்தப் போர்வையும் படிந்துதான் கிடக்கிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் பகுதிக் கறுப்பினப் பெண்களின் கதையை உங்கள் குழுவில் அவசியம் சொல்லுங்கள். 1966இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் ஒரு கூட்டுறவுக் குழுவைத் தொடங்கினார்கள். பெரிய கடைகளின் ஆர்டர் வந்தது, வருமானமும் வந்தது. கூடவே எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. ஆனால் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டியவை, அந்தப் பெண்கள் பழைய வேலைச் சட்டையையும் கால்சட்டையையும் கிழித்துத் தம் வீட்டுக்கென்று மனம்போலத் தைத்த போர்வைகள். தைத்தவர்களின் பெயரோடு அவை வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றில் பத்துப் போர்வைகளின் படத்தை அஞ்சல் தலைகளாகவே வெளியிட்டது.

பெயர் என்றதும் எங்களுக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பெருநகரக் கண்காட்சி ஒன்றுக்கு எங்கள் விரிப்புகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பின்புறத்தின் ஒரு மூலையில் தைத்தவர்கள் எல்லாருடைய பெயரையும் நூலால் எழுதியிருந்தோம். அங்கே போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. முன்னால் வைத்த அட்டையில் கடலோர மகளிர் கைவண்ணம் என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஏற்பாட்டாளரின் பெயர் பெரிய எழுத்தில். கேட்டதற்கு, இத்தனை பெயர் போட அட்டையில் இடமில்லை என்றார்கள். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக 1987இல் வாஷிங்டனில் விரித்த நினைவுக் குயில்டில், மூன்றடிக்கு ஆறடித் துணிகள் 1,920 இருந்தன. இறந்தவர்களின் பெயரை அவர்களை நேசித்தவர்கள் அவற்றில் தைத்திருந்தார்கள். அத்தனை பேருக்கு அங்கே இடம் இருந்தது. இப்போதெல்லாம் நாங்கள் முன்பக்க ஓரப்பட்டியிலேயே பெயர்களைத் தைத்துவிடுகிறோம். பெயரை எடுத்துவிட்டுத் தரச் சொன்ன ஒரு கடையின் ஆர்டரை வேண்டாம் என்று திருப்பியும் அனுப்பினோம். அந்தப் பணம் எங்களுக்குத் தேவைப்பட்ட பணம்தான்.

கூலியைப் பொறுத்தவரை, உட்கார்ந்த நேரத்தை நோட்டில் குறித்து, பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் ஒரே கணக்கில் கொடுக்கிறோம். விரைவாகத் தைப்பவர்களுக்கு இதில் நட்டம் என்பார்கள். எங்களிடம் விரைவாகத் தைப்பவர்களே இதற்குச் சம்மதித்தார்கள்.

கூடும் நாளை நீங்களாகக் குறித்துவிடாதீர்கள். படகு கரைக்கு வரும் காலையில் மீன் வேலைக்குப் போகும் பெண்கள் வர மாட்டார்கள். வெள்ளி நண்பகலும் ஞாயிறு காலையும் எங்கள் பக்கத்தில் ஆகாது, உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் வீட்டில் கைக்காசு வற்றும். வருகிறவர்கள் கூடுவார்கள், வெயிலும் நன்றாகக் காயும். பெரிய விரிப்புகளை அந்தக் காலத்துக்கு ஒதுக்குங்கள். பங்குனிக்குள்ளேயே சேலைகளைச் சேகரித்துத் துவைத்து, சாயம் பார்த்து, பருத்தியைத் தனியாகப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டால், தடைக்காலம் தொடங்கிய அன்றே பாயை விரித்து உட்கார்ந்துவிடலாம்.