சபா வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு

கேள்வி: மார்கழிக் கச்சேரி சீசனில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் தன்னார்வலராக இருக்கிறேன். டிக்கெட் பார்த்து ஆட்களை இருக்கையில் உட்காரவைக்கும் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள்தான். போன வருடம் ஒரு மாமா தடுமாறுகிறாரே என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "விடும்மா, எனக்கு நடக்கத் தெரியும்" என்று சுள்ளென்று சொல்லிவிட்டார். யாருக்கு உதவி தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— கல்லூரி மாணவி, சென்னை

பதில்: அந்த மாமாவின் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அவர் பயந்துபோயிருப்பார். வயதானவர்களுக்கு ஒரு கை கைத்தடியில் இருக்கும், இன்னொரு கை நாற்காலி முதுகையோ சுவரையோ தேடிக்கொண்டிருக்கும், அந்தக் கையை நாம் திடீரென்று போய்ப் பிடித்தால் இருக்கிற பிடிமானமும் போய்விடும். அதனால் அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று, "வாங்க மாமா, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்" என்று சொல்லி முழங்கையை மடக்கி நீட்டுங்கள். வேண்டுமென்றால் அவரே பிடித்துக்கொள்வார். அப்புறம் அரை அடி முன்னால் நடங்கள், படியில் நீங்கள் இறங்குவது அவர் கைக்குத் தெரியும். பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

யாருக்குத் தேவை என்பதற்குக் காலைப் பாருங்கள். நானும் பல வருடம் அரங்க வாசலில் நின்றவள். கதவைத் தாண்டியதும் சிலர் அப்படியே நின்று, வலது பாதத்தால் கம்பளத்தின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று அர்த்தம். 60 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று சொல்வார்கள், ஆகவே நமக்கு மங்கலாக இருக்கிற இடம் அவர்களுக்குக் கும்மிருட்டு. போதாததற்கு, தூரத்துக்கும் படிக்கவும் என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடியில் கீழே பார்த்தால் படிக்கிற பகுதி வழியாகத்தான் பார்க்க வேண்டும், படி கலங்கித் தெரியும். எப்படியும் பாட்டுக்கு நடுவில் உள்ளே விடமாட்டோம் இல்லையா, அந்த நேரத்தை அவர்கள் கண் இருட்டுக்குப் பழகக் கொடுங்கள். டார்ச் வெளிச்சம் தரையில் மட்டும் விழட்டும்.

இன்னொன்று, வயதாகும்போது காது முதலில் இழப்பது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைத்தான். உங்களைப் போன்ற சின்னப் பெண்களின் குரல் அவர்களுக்குச் சரியாக எட்டாது. கத்தாமல், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள்.

உட்கார்ந்தவர்களையும் கவனியுங்கள், இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சீசனில் தினமும் ஒரு பாட்டி தனியாக வருவார். தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் வழக்கம்போல அந்த வரிசையே எழுந்து கேன்டீனுக்கும் கழிவறைக்கும் போகும், அவர் மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பார். மிருதங்கத்தில் அவ்வளவு ஈடுபாடு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். "மத்தியானத்துலேருந்து தண்ணியே குடிக்கலைம்மா, குடிச்சா எழுந்து போகணும், இந்தக் கூட்டத்துல யாராவது இடிச்சா விழுந்துடுவேன்" என்றார். உதடு வெடித்திருந்தது, பையில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே இருந்தது. எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து நடைபாதை ஓரமாக இடம் பார்த்துக் கொடுத்து, தனிக்கு முன்பே, கூட்டம் எழுவதற்குள் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். மூன்றாவது நாள் என்னைப் பார்த்ததும் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார், பாதி காலியாகியிருந்தது.

கச்சேரியை முடித்துவைக்கும் மங்களப் பாட்டு முடிந்ததும் யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அதிலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். உட்கார்ந்தபடியே பாதங்களை நாலைந்து தடவை ஆட்டட்டும், எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கட்டும், கூட்டம் குறைந்தபின் போகலாம். வெளியே ஆட்டோ கிடைத்து ஏறும்வரை உடன் நிற்க முடிந்தால் நில்லுங்கள், ராத்திரி ஒன்பது மணிக்குப் போனில் வண்டி பிடிக்கத் தெரியாமல் தெருவோரம் நிற்கிறவர்கள் நிறைய.

கேள்வி: அரங்கத்தில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டால் உடனே தூக்கிவிடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: கூடாது. எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். முதலில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசுங்கள். இடுப்போ தொடையோ வலிக்கிறது, காலை அசைக்க முடியவில்லை என்றால் தொடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். தலை அடிபட்டிருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சாப்பிடுகிறார் என்றால், எழுந்து நன்றாகவே பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். வலி ஒன்றும் இல்லை, எழ முடியும் என்றால் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதைப் பிடித்து அவர் வேகத்தில் எழட்டும். சுற்றி நிற்கும் கூட்டத்தை நகரச் சொல்லுங்கள், பத்துப் பேர் குனிந்து பார்க்கும்போது அவருக்குக் கூச்சமாக இருக்கும். அப்புறம் அவருடைய கண்ணாடி எந்த நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது என்று தேடி எடுத்துக் கையில் கொடுங்கள்.